எந்தக் கோட்டுக்குள் இருக்கிறது உங்கள் நிலம்?

காட்டூரில் ஒருவருக்கு அரை ஏக்கர் பள்ளநிலம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பட்டா அவர் பெயரில்தான். ஐப்பசி, கார்த்திகையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும். சித்திரையில் மண் வெடித்துக் கிடக்கும். ஓரமெல்லாம் உமரி படர்ந்திருக்கும். அதில் நாலு லோடு மண்ணடித்து மேடாக்கி மகனுக்கு ஒரு வீடு கட்டலாமா? கேள்வி சின்னதுதான். முழுப் பதில் சொல்லத்தான் ஆளில்லை.

கிராம நிர்வாக அலுவலர் அ-பதிவேட்டைப் புரட்டி, பட்டா நிலம் என்பார். வனத்துறையில் கேட்டால் பறவைகள் சரணாலய எல்லையைப் பார்க்க வேண்டும் என்பார்கள். சுற்றுச்சூழல் துறையில் கடலோர மண்டல வரைபடத்தைப் பார்க்கச் சொல்வார்கள். நீர்வளத் துறைக்கு ஏரியின் கரையும் கலங்கலும்தான் கணக்கு. இவர்களில் யார் சொல்வதும் பொய்யில்லை. ஒவ்வொரு அலுவலகமும் தன் கையிலிருக்கும் வரைபடத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறது. ஒரே நிலத்தின் மேல் நான்கைந்து கோடுகள் ஓடுகின்றன. அவற்றை ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசை எங்கும் இல்லை.

திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கும் எண்ணூர் கழிமுகத்துக்கும் இடைப்பட்ட காட்டூர் உள்ளிட்ட ஊர்கள் எல்லாவற்றுக்கும் இதே நிலைதான். ஈரநிலத்தைக் காப்பாற்றுவதைப் பற்றி நிறையப் பேசுகிறோம். எது ஈரநிலம், அதன் எல்லை எங்கே முடிகிறது, அதை யார் முடிவு செய்வது என்ற கேள்விகளைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. உண்மையில் பாதிச் சண்டை அங்கேதான் முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவில் ஒரு கடிதம்

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவில் தனி நடைமுறையே வைத்திருக்கிறார்கள். அங்கே 1972-ஆம் ஆண்டின் தூய நீர்ச் சட்டப்படி, கூட்டாட்சி அரசின் பாதுகாப்புக்குள் வரும் ஈரநிலத்தில் மண் கொட்ட வேண்டுமானால் ராணுவப் பொறியாளர் படையின் அனுமதி வேண்டும். தன் நிலம் அந்தப் பாதுகாப்புக்குள் வருகிறதா என்று தெரியாத ஒருவர், அந்தப் படையின் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்கலாம். மண், செடிகொடி, நீர்த்தடம் ஆகிய மூன்றையும் வைத்து எல்லையைச் சரிபார்த்து, ஆம் அல்லது இல்லை என்று எழுத்தில் பதில் தருவார்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக அந்தக் கடிதம் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். பதில் தவறு என்று நினைப்பவர் மேல்முறையீடு செய்யலாம், நீதிமன்றத்துக்கும் போகலாம். நீதிமன்றம் போகும் அந்த உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2016-இல் உறுதி செய்தது.

அங்கேயும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஐடஹோ மாநிலத்தில் பிரீஸ்ட் ஏரிக்கு அருகே மைக்கேல் சாக்கெட், சான்டெல் சாக்கெட் என்ற தம்பதியர் 2004-இல் மனை வாங்கினார்கள். 2007-இல் வீடு கட்ட மண் நிரப்பினார்கள். அது ஈரநிலம், மண்ணை அள்ளிப் பழையபடி ஆக்குங்கள், இல்லையென்றால் நாளொன்றுக்கு 40,000 டாலருக்கும் மேல் அபராதம் என்று சுற்றுச்சூழல் முகமை உத்தரவிட்டது. வழக்கு இரண்டு முறை உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 மே 25 அன்று அவர்களுக்குச் சாதகமாக முடிந்தது. ஆறு, ஏரி போன்ற நிரந்தர நீர்நிலையோடு மேற்பரப்பில் தொடர்ச்சியாக இணைந்த ஈரநிலத்துக்கு மட்டுமே அந்தச் சட்டம் பொருந்தும் என்றது தீர்ப்பு. ஒரு மனைக்காகத் தொடங்கிய வழக்கு, நாடு முழுவதும் ஏராளமான சதுப்புகளைக் கூட்டாட்சிப் பாதுகாப்புக்கு வெளியே தள்ளிவிட்டது. நிலம் இருந்த இடத்திலேயே இருந்தது, வரையறைதான் நகர்ந்தது.

ஈரநில விதிகளும் விலக்குகளும்

நம் நாட்டில் ஈரநிலங்களுக்கென்று தனி விதிகள் 2010-இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாக இப்போது நடப்பில் இருப்பவை ஈரநிலப் பாதுகாப்பு மற்றும் மேலாண்மை விதிகள், 2017. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள் இவை. அறிவிக்கப்பட்ட ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது, ஆக்கிரமிக்கக்கூடாது, புதிதாகத் தொழிற்சாலை வைக்கவோ இருப்பதை விரிவாக்கவோ கூடாது, குப்பை கொட்டக்கூடாது, சுத்திகரிக்காத கழிவுநீரை விடக்கூடாது. கடந்த பத்து ஆண்டுகளின் சராசரி உயர் வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள், படகுத்துறை தவிர நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது.

படிக்கும்போது மனம் நிறைகிறது. ஆனால் அதே விதிகளில் விலக்குப் பட்டியல் ஒன்றும் இருக்கிறது. ஆற்றின் ஓட்டப்பாதை, நெல்வயல், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் வெட்டிய ஏரி குளங்கள், மீன்வளர்ப்புக் குட்டைகள், உப்பளம் ஆகிய எதுவும் அவற்றில் ஈரநிலம் ஆகாது. வனச் சட்டங்கள், 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை ஆகியவற்றின் கீழ் ஏற்கெனவே வரும் பகுதிகளுக்கும் இந்த விதிகள் பொருந்தாது.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு காட்டூர்ப் பக்கம் பார்த்தால் நிலைமை புரியும். காட்டூர் ஏரியையும் தத்தமஞ்சி ஏரியையும் இணைத்து நீர்த்தேக்கம் ஆக்கும் திட்டத்தை அரசு எடுத்தது. பாசன ஏரி என்றாலும் சரி, குடிநீர்த் தேக்கம் என்றாலும் சரி, 2017 விதிகளின் வரையறையில் அதற்கு இடமில்லை. 2007-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமே அதற்குக் காவல். பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980-இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, பரப்பு 153.67 சதுர கிலோமீட்டர். ஆகவே அது வன உயிரினச் சட்டத்தின் கீழ் போகிறது. பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழிகளும் ஓதநீர் ஏறி இறங்கும் இடங்கள். அவை கடலோர மண்டல அறிவிக்கைக்குள் போகின்றன. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி என்று பள்ளிப் பாடத்தில் படிக்கும் பழவேற்காட்டுக்கு, ஈரநில விதிகள் நேரடியாகப் பொருந்துவதில்லை. அதற்காகப் பாதுகாப்பே இல்லை என்று அர்த்தமில்லை. பாதுகாப்பு வேறு வேறு சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது.

எண்ணிக்கை உண்டு, எல்லை இல்லை

நாடு முழுவதும் 2.25 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை ஏக்கருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்கள் செயற்கைக்கோள் படங்களின் உதவியோடு பட்டியலிடப்பட்டன. அறிவிக்கை வரும் வரை காத்திருக்காமல் இவை அத்தனைக்கும் 2010 விதிகளின் நான்காம் விதியில் சொன்ன பாதுகாப்பு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2017 பிப்ரவரியில் உத்தரவிட்டது. பின்னர் ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் வெளியிட்ட புதிய தொகுப்பில் எண்ணிக்கை 2,31,195 ஆனது.

வானத்திலிருந்து எண்ணுவது ஒரு வேலை. சங்கிலி பிடித்து அளந்து கல் நடுவது வேறு வேலை. இரண்டாவது வேலை பெரும்பாலும் நடக்கவே இல்லை. 2024 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் இதைக் கையிலெடுத்து, ஒவ்வொரு மாநிலமும் மூன்று மாதத்துக்குள் களத்தில் நேரில் சரிபார்த்து எல்லை வரையறுக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

எல்லை குறிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பைத் தாண்டி உதாரணம் தேட வேண்டாம். 2022-இல் அது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது குறிப்பிடப்பட்ட பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். அதில் வனத்துறையின் காப்புக்காடாக இருப்பது சுமார் 698 ஹெக்டேர். மீதி நிலம் எந்தெந்த சர்வே எண்களில் இருக்கிறது என்று தெளிவாக வரையறுக்காமலே ஆண்டுகள் ஓடின. அக்கம்பக்கத்தில் கட்டட அனுமதிகளும் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தலையிட்டது. எல்லை வரையறை முடியும்வரை ராம்சர் பகுதிக்குள்ளும் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள்ளும் கட்டுமானத் திட்ட அனுமதி தரக்கூடாது என்றது. அடுத்த மாதமே ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. சதுப்பைக் காக்க நினைத்தவர்களும் தவித்தார்கள். சதுப்புக்குச் சம்பந்தமில்லாத தெருவில் வீடு கட்டக் கடன் வாங்கியிருந்தவர்களும் தவித்தார்கள். கோட்டை முதலிலேயே போட்டிருந்தால் இரு தரப்புக்கும் இந்தத் தவிப்பு வந்திருக்காது.

ஓதம் ஏறும் எல்லை

பழவேற்காட்டுக் கரை ஊர்களின் அன்றாட வாழ்வை அதிகம் தொடுவது கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைதான். முதலில் 1991-இல் வந்தது. 2011-இலும் 2019-இலும் புதிதாக எழுதப்பட்டது. அதன் அச்சாணி, உயர் ஓதக் கோடு. பெரும் ஓதத்தின்போது நீர் நிலத்தில் ஏறி நிற்கும் கடைசி எல்லை அது. கடற்கரையில் அந்தக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அறிவிக்கை செல்லுபடியாகும். ஓதநீர் புகும் கழிகளின் கரையில் 2011 அறிவிக்கை 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், இரண்டில் எது குறைவோ அதைச் சொன்னது. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. கழியோரத்தில் ஐம்பது மீட்டர் என்பது ஒரு வலை உலர்த்தும் திடலின் நீளம்; ஊர்க்காரர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

கழிக்குள் ஓதத்தின் ஆட்சி எதுவரை? அதற்கு அறிவிக்கை உப்பை அளவுகோலாக வைக்கிறது. ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரில் ஆயிரத்துக்கு ஐந்து பங்கு உப்பு எந்த இடம்வரை இருக்கிறதோ, அதுவரை ஓதத்தின் எல்லை. எந்த மாதம் அளந்தார்கள், முகத்துவாரம் அப்போது திறந்திருந்ததா, மணல் மூடியிருந்ததா என்பதையெல்லாம் பொறுத்து அளவு மாறும். பழவேற்காட்டு முகத்துவாரம் அடிக்கடி மணல் தூர்ந்துபோகும் என்பது அந்தக் கரையில் பிள்ளைகளுக்கும் தெரியும். அளக்க வருகிறவர்களுக்கு அதைச் சொல்ல ஊரில் ஆள் இருக்க வேண்டும்.

ஓதம் ஏறி இறங்கும் வெளி, அலையாத்தி, உவர்ச்சதுப்பு, சரணாலயம் போன்றவை முதல் பிரிவு. அங்கே கட்டுப்பாடு மிகக் கடுமை. ஏற்கெனவே கட்டடங்கள் நிறைந்த நகர்ப்பகுதி இரண்டாம் பிரிவு. கிராமப்புறம் மூன்றாம் பிரிவு. நீர்ப்பரப்பு நான்காவது. ஒரு சர்வே எண் முதல் பிரிவில் விழுகிறதா மூன்றாம் பிரிவில் விழுகிறதா என்பதில் அந்த ஊரின் எதிர்காலமே இருக்கிறது.

இறால் பண்ணை விவகாரத்திலும் கோடுதான் நாயகன். நாகை மாவட்டத்துக் காந்தியர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் பெரிய தீர்ப்பொன்று தந்தது. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு ஏரிகளின் பெயரையும் சொல்லி, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. பிறகு 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றும், ஏற்கெனவே இருந்த பண்ணைகளுக்கு விலக்கு என்றும் வந்தது.

காணாமல் போன கழிமுகம்

கோடு இடம் மாறினால் என்ன நடக்கும் என்பதை எண்ணூர் மீனவர்கள் அனுபவித்துப் பார்த்துவிட்டார்கள். 1996-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த கடலோர மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடம், எண்ணூர் கழிமுகத்தின் சுமார் 6,500 ஏக்கரை முதல் பிரிவில் காட்டியது. மீனவர்களும் சூழலியல் செயற்பாட்டாளர்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டுக் கேட்டு ஆவணங்களைத் திரட்டியபோது, 2017-இல் ஓர் உண்மை வெளியே வந்தது. அதே இடத்துக்கு வேறொரு வரைபடமும் அரசுத் துறைகளின் புழக்கத்தில் இருந்தது. அதில் கழிமுகமே இல்லை. தண்ணீர் ஓடும் இடம், இறாலும் நண்டும் வளரும் இடம், காகிதத்தில் காலி மனையாகிக் கிடந்தது. மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்த வலுவான ஆயுதம், 1996-ஆம் ஆண்டு வரைபடத்தின் ஒரு பிரதி.

அந்த அனுபவம்தான் காட்டுப்பள்ளியில் கைகொடுத்தது. எல் அண்டு டி கட்டி, 2018-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உருவாக்க வேண்டியது. 2021 ஜனவரி 22-க்கு அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. 2023 செப்டம்பர் 5-க்கு அறிவித்ததும் ஒத்திவைக்கப்பட்டது. பழவேற்காடு வட்டார ஊர்கள் அப்போது வெறும் கோஷம் மட்டும் போடவில்லை. திட்ட வரைபடத்தில் கழிகள் எங்கே, மணல்திட்டு எங்கே, கடலரிப்பு எந்தப் பக்கம் என்று பக்கம் பக்கமாகக் கேள்வி எழுப்பினார்கள்.

வரைபடத்தில் மீனவர் எங்கே?

சட்டம் எப்போதும் மீனவருக்குத் துணையாகவே நிற்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். முகத்துவாரத்தைத் தூர்வாரி நிலைப்படுத்துங்கள் என்பது பழவேற்காட்டு மீனவர்களின் பல்லாண்டுக் கோரிக்கை. அந்த வேலைக்கே சரணாலயம் என்பதால் தேசிய வன உயிரின வாரியம் வரை அனுமதி கேட்டுக் காத்திருக்க நேர்ந்தது.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் போன்ற ஊர்களில் பாடு முறை உண்டு. ஏரியில் எந்தத் துறையில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஏரியை அளவோடு பயன்படுத்த அந்த ஊர்கள் தாமே எழுதிக்கொண்ட சட்டம். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் கையால் தடவி இறால் பிடிக்கும் இடங்களும் உண்டு. மீனவ ஊர்கள், அவர்களின் பொது இடங்கள், மீன் உலர்த்தும் களங்கள், இனப்பெருக்கப் பகுதிகள் ஆகியவற்றைக் கடலோர மண்டல வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்று அறிவிக்கையே சொல்கிறது. ஆனால் 2019 அறிவிக்கைப்படி தயாரான வரைவு வரைபடங்களைத் தமிழக அரசு 2023-இல் மக்கள் முன் வைத்தபோது, எங்கள் மீன்பிடி இடங்களும் பொது நிலங்களும் இதில் இல்லையே என்ற குரல்தான் பல மாவட்டங்களில் எழுந்தது. பறவைக்குக் கோடு, துறைமுகத்துக்குக் கோடு, வலைக்கு மட்டும் கோடு இல்லை என்பது நியாயமே இல்லை.

வன உரிமைச் சட்டம், 2006 இதில் ஒரு வாசலைத் திறக்கிறது. நீர்நிலைகளின் மீனுக்கும் பிற விளைபொருளுக்கும் சமூகத்தின் உரிமையை அது ஏற்கிறது. சரணாலயங்களுக்கும் அது பொருந்தும். பழங்குடியினரான இருளர்களுக்கு இது முக்கியமான வழி.

எழுதிக் கேளுங்கள்

அமெரிக்கக் கடிதம் போன்ற ஒன்று நம்மிடம் இல்லாத நிலையில், ஒரு நிலத்தின் நிலையை அறிய விரும்புகிறவர் எல்லாக் கோடுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மேசையைத் தானே போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. முதலில் சர்வே எண், உட்பிரிவு எண்ணோடு அ-பதிவேட்டு நகலும் புலப்பட நகலும் வாங்க வேண்டும். நிலம் தரிசு என்றிருக்கிறதா, கழுவெளிப் புறம்போக்கு என்றிருக்கிறதா, ஏரி என்றிருக்கிறதா என்பது அதில் தெரியும். அடுத்து, அதே சர்வே எண்ணைக் குறிப்பிட்டு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம், வனத்துறை, மாநில ஈரநில ஆணையம், நீர்வளத் துறை ஆகிய நான்கு இடங்களுக்கும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தனித்தனியாக எழுத வேண்டும். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும். இந்த நிலம் எந்தப் பிரிவில் வருகிறது என்று பொதுவாகக் கேட்பதைவிட, ஒப்புதல் பெற்ற வரைபடத்தின் தாள் எண்ணும் அந்தப் பகுதியின் நகலும் வேண்டும் என்று கேட்பது நல்லது. எந்த ஆண்டு வரைபடம், யார் ஒப்புதல் அளித்தது என்பதையும் கேட்க வேண்டும். எண்ணூர் அதைக் கற்றுத் தந்திருக்கிறது.

வாய்வார்த்தையை நம்பி மண்ணடிப்பது ஆபத்து. மனைத் தரகர் காட்டும் வண்ண வரைபடம் ஆவணம் அல்ல. பட்டா இருப்பதால் மட்டும் கடலோர அறிவிக்கையோ வன உயிரினச் சட்டமோ விலகிப் போகாது. பட்டா உடைமையைச் சொல்லும். அந்த நிலத்தில் என்ன செய்யலாம் என்பதை மற்றக் கோடுகள் சொல்லும்.

தனிநபரைவிட ஊர் கேட்டால் வலு அதிகம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் கூடுகின்றன. ஊரின் கழிகள், வலை உலர்த்தும் திடல்கள், பாடு இடங்கள், மழைநீர் வடியும் வழிகள் ஆகியவற்றைச் சர்வே எண்ணோடு பட்டியலிட்டு அங்கே தீர்மானமாக நிறைவேற்றினால், அது பதிவாகிவிடும். ஓர் ஈரநிலத்தை அறிவிக்கப் பரிந்துரை வந்தால், ஆட்சேபங்களைக் கேட்டு 240 நாட்களுக்குள் அரசு முடிவெடுக்க வேண்டும் என்கின்றன 2017 விதிகள். ஆட்சேபம் தெரிவிக்கும் காலத்துக்குள் ஊரின் பட்டியல் ஆணையத்தின் மேசைக்குப் போய்ச் சேர வேண்டும். திட்ட அனுமதி ஒன்றை எதிர்த்துப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் காலக்கெடு 30 நாள்தான். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கலாம்.

அரசு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. சரணாலயம், கடலோர மண்டலம், ஈரநிலம், ஏரி ஆகிய எல்லாக் கோடுகளையும் சர்வே எண்ணோடு ஒரே வரைபடத்தில் போட்டு, தமிழில் விளக்கம் எழுதி, ஒவ்வொரு ஊராட்சி அலுவலகச் சுவரிலும் ஒட்ட வேண்டும். எழுதிக் கேட்கிறவருக்கு ஒரே அலுவலகம் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். அதுவரை காட்டூரும் கழியோர ஊர்களும் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த கிராம சபைக்கு உங்கள் ஊரின் நீர் நிற்கும் இடங்களைச் சர்வே எண்ணோடு எழுதி எடுத்துப் போங்கள். தீர்மானத்தின் நகலைக் கையெழுத்தும் முத்திரையுமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.